தெரிந்த முடிவைத் தேடி ஒரு படம்

“இப்ப பார், அவள் ஏணியிலை இருந்து விழப்போறாள். அவன் பிடிப்பான்.”

எனது சின்னம்மா இதைச் சொல்லி வாய் மூடவில்லை. திரையில் நத்தார் மரத்தின் உச்சியில் நட்சத்திரம் வைக்க ஏறிய பெண் தடுமாறினாள். அவன் ஓடி வந்து பிடித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். உடனே விளம்பரம் வந்துவிட்டது.

2018 மார்கழியில் ஒன்றுவிட்ட தம்பியின் திருமணத்துக்காகக் கனடா சென்று, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் சின்னம்மாவுடன் ஒரு மாதம் தங்கியிருந்தேன். முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்யும் அவர் காலை எட்டு மணிக்கு வீடு திரும்புவார். தேநீர் ஊற்றிக்கொண்டு, கம்பளிப் போர்வையால் காலைச் சுற்றிக்கொண்டு தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்துவிடுவார். நத்தார் நெருங்கும்போது அங்கே சில அலைவரிசைகளில் இரவு பகலாக ஓடுவது நத்தார்க்காலக் காதற் படங்களே. சின்னம்மாவோ சைவக்காரி. நத்தாருக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அன்று வேலைக்குப் போனால் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்பதுதான்.

சமூகவியல் படித்தவள் என்ற தலைக்கனத்தில் முதல் வாரம் நான் சிரித்தேன். இரண்டாவது வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் படம் தொடங்கமுன் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

இப்படங்களைப் பார்த்திராத வாசகியருக்காகக் கதையைச் சொல்லிவிடுகின்றேன். ஒன்றைச் சொன்னால் நூறு படங்களின் கதையைச் சொன்னது மாதிரித்தான். பெருநகரம் ஒன்றில் நல்ல பதவியில் இருக்கும் ஒரு பெண். கைத்தொலைபேசியைக் கீழே வைக்கமாட்டாள். அவளுக்கு ஒரு காதலன் இருப்பான். அவனும் எந்நேரமும் அலுவலகக் கூட்டத்தில் இருப்பான். பாட்டியின் தங்குவிடுதியை விற்கவோ, நட்டத்தில் போகும் தந்தையின் நத்தார் மரத் தோட்டத்தைப் பார்க்கவோ அவள் ஒரு சிற்றூருக்கு வருகிறாள். அங்கே கட்டம் போட்ட சட்டையுடன் ஒருவன் மரம் அரிந்துகொண்டிருப்பான். பெரும்பாலும் மனைவியை இழந்தவன். வயதுக்கு மிஞ்சிய புத்தியுடன் அவனுக்கு ஒரு சிறு மகளும் இருப்பாள். முதற் சந்திப்பில் கோப்பி கொட்டுப்படும், வாய்த்தர்க்கம் வரும். பிறகு பிஸ்கற் சுடுவார்கள், மரம் சோடிப்பார்கள், பனி உருட்டி எறிவார்கள். படம் முடிய இருபது நிமிடங்கள் இருக்கும்போது அவன் பேசுவதில் பாதியைக் கேட்டுவிட்டு அவள் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டுவாள். கடைசி நிமிடத்தில் திரும்பி வருவாள். ஒரு முத்தம். அந்த நேரம் பார்த்துப் பனி கொட்டத் தொடங்கும்.

இத்தகைய படங்களுக்குப் பெயர் போனது ஹோல்மார்க் என்ற அமெரிக்க நிறுவனம். 1910 இல் கன்சாஸ் சிற்றியில் ஜோய்ஸ் ஹோல் என்ற இளைஞர் தபாலட்டை விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த வாழ்த்து அட்டைக் கொம்பனி இது. 1951 நத்தாருக்கு முதல்நாள் இரவு தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட இசை நாடகம் ஒன்றுக்கு அனுசரணை வழங்கி அவர்கள் இத்துறைக்குள் வந்தனர். ஹோல்மார்க் அலைவரிசை 2001 இல் ஆரம்பமானது. 2009 இலிருந்து நத்தாருக்கு முன்னரான வாரங்கள் முழுவதையும் இப்படங்களுக்கு ஒதுக்கினார்கள். 2019 இல் மட்டும் தமது இரு அலைவரிசைகளுக்குமாக 40 புதிய படங்களை அறிவித்திருந்தார்கள். ஒரு படத்தைப் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் எடுத்து முடித்துவிடுகின்றனர். விளம்பர இடைவேளைகளுக்கேற்ப ஒன்பது துண்டுகளாகக் கதையை வெட்டி எழுதுவது வழக்கம். அவள் விழுந்து அவன் பிடித்ததும் விளம்பரம் வந்ததன் சூட்சுமம் இதுதான்.

பனியும் பொய். நத்தாருக்கு வெளியாக வேண்டிய படத்தைக் கோடை காலத்திலேயே எடுக்க வேண்டியிருப்பதால் நுரையையும் பஞ்சு விரிப்பையும் பரப்பிப் பனி என்கிறார்கள். நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு குளிரில் நடுங்குவதாக நடிக்கின்றனர். அமெரிக்கச் சிற்றூர் என்று காட்டப்படுவனவும் பல சமயம் கனடாவில் உள்ளவை. ஒட்டாவாவுக்கு அண்மையிலுள்ள அல்மொன்ட் என்ற சிறு பட்டினம் இப்படி எத்தனையோ படங்களில் வெவ்வேறு பெயர்களில் வந்துபோயிருக்கிறது. “உது எங்கட ஒன்ராறியோ தானே” என்று சின்னம்மா சொல்வதில் ஒரு சின்னப் பெருமை இருக்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டே ஏன் பார்க்கிறார்கள்? 2017 இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ என்ற படத்தை வெளியிட்டது. பத்திரிகைக்காரப் பெண்ணொருத்தி கற்பனை நாட்டு இளவரசனைக் காதலிக்கும் கதை. அதனை 18 நாட்கள் தொடர்ந்து ஒவ்வொரு நாளும் 53 பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அந்நிறுவனம் பகிரங்கமாக அறிவித்து, உங்களை இப்படி நோகடித்தது யார் என்று அவர்களைக் கேலியாகக் கேட்டது. பார்ப்பவரை வேவு பார்க்கிறீர்களா என்று பலர் கோபித்தனர். எனக்கு அந்தக் கேலிதான் மனதில் தைத்தது. கேலியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது நல்ல கேள்வி.

சின்னம்மாவின் கணவர் 1990 இல் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர். இன்றுவரை திரும்பவில்லை. அதன் பின் மூன்று வயது மகனுடன் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை விசாரணை, எத்தனை வரிசை. அவருடைய வாழ்க்கையில் எதிர்பாராமல் வந்தவற்றில் நல்லது என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. “முடிவு தெரிஞ்ச படத்தை என்னத்துக்குப் பாக்கிறியள்?” என்று நான் கேட்டபோது அவர் சொன்னார்:

“முடிவு தெரியும் எண்டுதான் பிள்ளை பாக்கிறன். இதிலை கதவிலை தட்டினா நல்ல ஆள்தான் வரும்.”

ஜனிஸ் ரட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984 இல் வெளிவந்த தனது ‘ரீடிங் த ரொமான்ஸ்’ என்ற நூலில், காதல் நாவல்களை வாசிக்கும் சாதாரண இல்லத்தரசிகளிடம் சென்று பேசியிருக்கிறார். அவர்களை ஏமாந்தவர்கள் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் நேரம், கணவனோ பிள்ளையோ கேட்க முடியாத தமது சொந்த நேரம் என்று அப்பெண்கள் கூறினர். சோகமான முடிவை அவர்கள் வெறுத்தார்கள். சிலர் முதலில் கடைசிப் பக்கங்களை வாசித்து நல்ல முடிவு என்று உறுதிப்படுத்திய பிறகே புத்தகத்தைத் தொடங்கினர். பல்கலைக்கழகத்தில் இதனைப் பரீட்சைக்காகப் படித்த எனக்கு, சின்னம்மாவின் சோபாவில் இருந்தபோதுதான் அது விளங்கியது. 2020 பங்குனியில் கொரோனா காரணமாக உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, ஹோல்மார்க் அலைவரிசை பருவம் தப்பி நத்தார்ப் படங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பியது. பயந்திருக்கும் மனிதருக்கு என்ன தேவை என்பதை அந்த வியாபாரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஆயினும் இப்படங்களுடன் எனக்குச் சண்டையும் உண்டு.

முதலாவது, வேலை பற்றியது. 2014 இல் வெளிவந்த ‘கிறிஸ்மஸ் அண்டர் ராப்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கண்டஸ் கமரன் பியூரே நடித்தது. வெளிவந்தபோது ஏராளமானோர் பார்த்த படம். லோரன் என்ற இளம் மருத்துவருக்கு பொஸ்டன் நகரில் எதிர்பார்த்த உயர்பயிற்சி கிடைக்கவில்லை. அலாஸ்காவில் கார்லண்ட் என்னும் சிற்றூருக்கு வைத்தியராகப் போகிறார். அங்கே ஓர் இளைஞன் மீது காதல் வருகிறது. பின்னர் பொஸ்டன் வாய்ப்பும் தேடி வருகிறது. அவர் கார்லண்டைத் தெரிவுசெய்கிறார். இதில் ஒரு நியாயம் உண்டு. அந்த ஊருக்கு வைத்தியர் வேண்டும், அவரும் வைத்தியராகவே இருக்கப்போகிறார். வன்னியில் வைத்தியரில்லாத ஆஸ்பத்திரிகளைக் கண்ட எமக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் இதே கணக்கு படத்துக்குப் படம் வரும்போதுதான் யோசிக்க வேண்டியுள்ளது. எப்போதும் பதவியை விடுபவள் பெண். அவன் தனது மரத் தோட்டத்தை விற்றுவிட்டு அவளுடைய நகரத்துக்குப் போன படத்தை அந்த ஒரு மாதத்தில் நான் காணவில்லை.

காசுப் பேச்சும் கிடையாது. விடுதி கடனில் மூழ்குகிறது என்பார்கள். ஒரு நத்தார் விழா வைத்ததும் கடன் தீர்ந்துவிடும். நுண்கடன் குழுவில் வாராவாரம் காசு கட்டும் எமது சகோதரிகள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஐம்பது பேருக்குக் கேக் செய்தபின் சமையலறையை யார் கழுவினார்கள் என்பதும் தெரியாது.

இரண்டாவது, துக்கம் பற்றியது. இதுதான் என்னைக் கூடுதலாக உறுத்தியது. கதாநாயகன் தனியாளாக இருக்க வேண்டும், ஆனால் மனைவியை விட்டு ஓடியவனாக இருக்கக்கூடாது. ஆகவே மனைவி இறந்திருக்க வேண்டும். அவளைப் பற்றி நாம் அறிவது மேசையில் இருக்கும் ஒரு படமும், அவள் கையால் செய்த ஓர் அலங்காரப் பொருளும்தான். “அம்மாவும் இதைத்தான் விரும்பியிருப்பா” என்று மகள் சொன்னதும் இரண்டு மணித்தியாலத்துக்குள் துக்கம் கழுவப்பட்டுவிடும். இறந்தவரை இவ்வளவு விரைவாக வாசலுக்கு வெளியே அனுப்பமுடியும் என்று காட்டுவது நல்லதல்ல. உடல் கிடைக்காதவர்களின் துக்கத்துக்கோ அங்கே இடமே இல்லை.

ஆனால் இதிலேயே ஒரு விடயத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். துணையை இழந்தவர் மீண்டும் சிரிக்க வேண்டும் என்று அந்த ஊர் முழுவதும் பாடுபடும். பேக்கரிக்காரி, தபாற்காரர், பாடசாலை ஆசிரியை எல்லோரும் சேர்ந்து சதி செய்வார்கள். சில படங்களில் துணையை இழந்தவள் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். எமது ஊர்களில் கணவனை இழந்த பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், யாருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள், என்ன நிறத்தில் பொட்டு வைத்தாள் என்பதைப் பார்ப்பதற்குத்தான் ஊர் கூடுகிறது. நுரையால் செய்த பனியை மன்னித்துவிடலாம். அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்பதுதான் இப்படங்களின் பெரிய பொய். நான் விரும்பிப் பார்த்ததும் அதைத்தான்.

யுத்தமும் சில படங்களில் வருகிறது. 2006 இல் ஒளிபரப்பான ‘த கிறிஸ்மஸ் கார்ட்’ அவ்வாறானது. ஆப்கானிஸ்தானில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய் ஒருவனுக்கு, கலிபோர்னியாவின் நெவாடா சிற்றி என்ற ஊரிலிருந்து முன்பின் அறியாத பெண்ணொருத்தியின் வாழ்த்து அட்டை கிடைக்கிறது. அவளைத் தேடி அந்த ஊருக்கு வருகிறான், காதலிக்கிறான். அவளுடைய தந்தையாக நடித்த எட் ஆஸ்னர் அதற்காக எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நல்ல நடிப்புத்தான். வாழ்த்து அட்டைக் கொம்பனி வாழ்த்து அட்டையையே கதாநாயகனாக்கியதையும் பொறுத்துக்கொள்ளலாம். சின்னம்மா மற்றப் படங்களைப் பார்ப்பதுபோல் பேசிக்கொண்டு இதைப் பார்க்கவில்லை. படம் முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு, சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“அவன் துவக்கோடை நிண்ட இடத்துச் சனம் எங்கை பிள்ளை? ஒருத்தரையும் பிறகு காட்டேல்லையே?”

நான் பதில் சொல்லவில்லை.

யாரைக் காட்டுவது என்ற விடயத்தில் இந்த அலைவரிசை சற்று மாறியும் இருக்கிறது. நெடுங்காலமாகக் கதாநாயகியும் நாயகனும் வெள்ளையராகவே இருந்தனர்; கறுப்பின நண்பி புத்தி சொல்ல மட்டும் வருவாள். 2019 மார்கழியில் இரு பெண்கள் மணக்கோலத்தில் முத்தமிடும் விளம்பரமொன்றை நிறுத்தியதால் பெரும் கண்டனம் எழுந்தது. சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு, மீண்டும் ஒளிபரப்ப உடன்பட்டனர். 2022 இல் இரு ஆண்களின் காதலை மையமாகக் கொண்ட நத்தார்ப் படமும் அங்கே வந்தது. முதியோர் இல்லத்தில் இரவு முழுவதும் கண்விழிக்கும் நிறங்கறுத்த பெண்ணின் காதலை எந்த வருடம் எடுப்பார்களோ தெரியாது.

சின்னம்மா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கடந்த நத்தார்க் காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தேன். பின்னணியில் மணியோசையும் பாட்டும் கேட்டது.

“படம் ஓடுதோ?” என்றேன்.

“ஓம், புதுசு. மரம் வந்திட்டுது.”

“ஏணி?”

“இன்னும் இல்லை. கொஞ்சம் பொறு, கொண்டு வருவினம்.”