மருந்து சும்மா, பயணம் சும்மா இல்லை

வகுப்பு இடாப்பில் ஒரு பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரவில்லை என்றே விழுந்து கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "உம்மாவோட மஹரகமக்குப் போறன் சேர். வாப்பா கட்டார்ல, வேற ஆரும் இல்ல." பிறகு ஒரு மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்தான். சுகமாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். "இல்ல சேர், சல்லி சேரல்ல" என்றான்.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. நிந்தவூர் ஆதார வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இரண்டும் பக்கத்தில். மட்டக்களப்பும் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். மஹரகம அபேக்ஷாவுக்குத் துண்டு எழுதிவிட்டால் கதை வேறு. எங்கட கரையில் ரயில் இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. இரவு பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, 138 பிடிக்க வேண்டும். நோயாளி தனியே போக ஏலாது. ஆகவே போக இரண்டு டிக்கெட், வர இரண்டு டிக்கெட். சாப்பாடு, இயலாமல் போனால் ஓட்டோ, ஸ்கேனை நாளைக்கு என்று சொன்னால் தங்க ஓர் இடம். கூடப் போகிறவரின் நாட்கூலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாணவனின் பாடமும் அப்படித்தான்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. இந்திய ரயில்வே, சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணத்தையும், உடன் போகிறவருக்கு 75 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கிறது. இங்கிலாந்தில் வருமானம் குறைந்தவர் விசேட வைத்தியரிடம் அனுப்பப்பட்டால், போய்வந்த செலவை மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பெறலாம். இங்கே 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் அது சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவை நினைத்து அமைந்தது.

நமது பள்ளிவாசல்களும் அப்படித்தான். ஒப்பரேஷன் என்றால் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிப்போம். பஸ் காசுக்கு யார் அறிவித்தல் கொடுப்பது? கேட்கவே வெட்கம்.

ஸகாத்தில் இடமுண்டா என்று கேட்கிறார்கள். தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் கடைசியாக வரும் வழிப்போக்கருக்குள் நோயாளியைச் சிலர் இழுத்துக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அந்தச் சுற்றுவழி எதற்கு? வசதியில்லாத நோயாளி முதலிரண்டு கூட்டத்தாரான ஏழை, வறியவர்களிலேயே அடங்கிவிடுகிறாரே. தடை சட்டத்தில் இல்லை, நாம் கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது. றமழானில் ஒருமொத்தமாகப் பங்கிட்டு முடித்துவிடுகிறோம். கிளினிக்கோ வருஷம் முழுக்க வருகிறது.

ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, திகதிக்குத் திகதி கொடுக்கலாம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடத் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும், அதுவே போதுமான அத்தாட்சி. கொடுப்பதை மட்டும் பயணத்துக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். போய்வந்து டிக்கெட்டைக் காட்டு, தருகிறோம் என்றால், அந்தப் பிள்ளை பஸ் ஏறுவதற்கு யாரிடம் கடன் கேட்பான்?