மருந்து கையில், போடுவது யார்?

குளவி கொட்டினால் பெரும்பாலோருக்குக் கொட்டிய இடம் வீங்கும், வலிக்கும், அடங்கிவிடும். வெகுசிலருக்கு மட்டும் உடல் முழுவதும் தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். இந்தத் தீவிர ஒவ்வாமையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை இப்படி இறந்தவர்களின் பதிவுகளை மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரே ஆராய்ந்தார். மூச்சோ இதயத் துடிப்போ நிற்க ஆன நேரத்தின் இடைநிலை அளவு, உணவு ஒவ்வாமையில் 30 நிமிடம், பூச்சிக்கடியில் 15 நிமிடம், மருத்துவமனையில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளாதபோது வெறும் 5 நிமிடம்.

இத்தனை வேகத்துக்குக் காரணம் நம் உடலின் காவல்படைதான். தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் இருக்கும் மாஸ்ட் செல்கள், வேர்க்கடலைப் புரதத்தையோ குளவி நஞ்சையோ பெரும் பகையாக எண்ணி, ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து, ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாய்போலக் கசிகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது.

இத்தனையையும் எதிர்க்கும் ஒரே மருந்து அட்ரினலின். விரிந்த ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயத்தை முடுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கும். ஒவ்வாமைக்கு வழக்கமாகத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அரிப்பைக் குறைக்கலாம். சரிந்த ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது. அட்ரினலினைத் தனியே பிரித்தெடுத்த செய்தியை ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தகாமினே 1901இல் வெளியிட்டார். தீவிர ஒவ்வாமைக்கு ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று பாரிஸ் ஆய்வாளர்கள் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் பெயர் வைத்தது 1902இல்தான். நோய்க்குப் பெயர் வருமுன்பே மருந்து வந்துவிட்டது.

ஆக, தட்டுப்பாடு மருந்தில் இல்லை. முதலில் வந்து சேருபவருக்கு அதைப் போட அனுமதி உண்டா என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில் அவசர அழைப்புக்கு முதலில் வருபவர்கள் பெரும்பாலும் தீயணைப்பு வீரர்கள். இவர்கள் இ.எம்.டி. எனப்படும் அடிப்படை அவசர உதவிப் பயிற்சி பெற்றவர்கள். கூடுதல் பயிற்சி உள்ள பாராமெடிக் குழு பின்னால் வரும். எல்லா ஆம்புலன்ஸ் சேவைகளிலும் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் 1999இல் சட்டம் இயற்றியது. தொடையில் அழுத்தினால் குறித்த அளவு மருந்து தானாக இறங்கும் எபிபென் கருவி அதற்குத் தோதாக இருந்தது.

பிறகு விலை ஏறியது. 2007 வாக்கில் சுமார் 100 டாலராக இருந்த இரட்டை எபிபென் பெட்டி, 2016இல் 600 டாலரைத் தாண்டியது. பயன்படுத்தாவிட்டாலும் ஓரிரு ஆண்டுக்குள் காலாவதியாகிவிடும். மறுபடி வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் மருந்தோ சில டாலர் பெறுமானமுள்ளது. எனவே கிங் கவுன்டி மருத்துவர்கள் வேறு வழி பார்த்தார்கள். அட்ரினலின் குப்பி, சாதாரண சிரிஞ்ச், ஊசி, யாருக்கு எப்போது எவ்வளவு என்ற சரிபார்ப்புப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இ.எம்.டி.களிடம் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார்கள். இது நடைமுறைக்கு ஒத்துவருகிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது என்று 2016இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நியூயார்க் மாநிலமும் இதே வழியில் இறங்கியது.

தவறாகப் போட்டுவிட்டால்? நியாயமான கேள்விதான். அட்ரினலினை அளவு மீறி நேராக ரத்த நாளத்தில் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் பயிற்சியின் எல்லை குறுகலாக வகுக்கப்படுகிறது: தொடையின் வெளிப்பக்கத் தசையில் மட்டும், பெரியவருக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம், குழந்தைக்கு எடைக்கேற்பக் குறைவாக. தொடையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்றில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டியது; தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்தது. முறைப்படி தசையில் போட்டால் படபடப்பும் கை நடுக்கமும் கொஞ்ச நேரம் இருந்து போய்விடும். போடாமல் காத்திருந்தால் வரும் கேடு இதைவிடப் பெரிது. உயிர் காக்கும் அவசரத்தில் யார் வேண்டுமானாலும் அட்ரினலின் ஊசி போடலாம் என்று பிரிட்டனின் மருந்துச் சட்டமே சொல்கிறது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தடுப்பூசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இந்த ஒவ்வாமையைக் கண்காணிக்கத்தான். அது தலைகாட்டினால், பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியர் வயதுக்கேற்ற ஒரு டோஸ் அட்ரினலினைத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்திருக்கிறது. டாக்டர் வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை. நோயாளியைக் கால் உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம். முதல் உதவியாளர் டாக்டருக்கு மாற்றாக வருவதில்லை. நோயாளி டாக்டரிடம் உயிரோடு போய்ச் சேர அவர் வழிசெய்கிறார். அதற்குத் தேவை விலை உயர்ந்த கருவியல்ல: ஒரு குப்பி, முறையான பயிற்சி, எழுத்தில் ஓர் அனுமதி.