ஒரு ரூபாய் டிக்கெட்டும் ஒரு கிலோ சீனியும்

சென்ற பொங்கலுக்கு முந்தின வாரம் நம் கடைக்குச் சரக்கெடுக்க வந்த ஒரு தம்பி, சிட்டையை நீட்டியபடியே ஒரு சேதி சொன்னார். நாம் 43 ரூபாய்க்குப் போட்ட சீனியை அவர் 40 ரூபாய்க்கு விற்கிறாராம். பாமாயிலிலும் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் கைநட்டமாம். "என்ன தம்பி இது?" என்று கேட்டோம். "சிவகாசியிலே புதுசா வந்திருக்கிற பெரிய கடைக்குச் சனம் போகுது அண்ணாச்சி. அதை நிறுத்தணும்ல? சூரரைப் போற்று படம் பார்த்தீங்களா? ஒரு ரூபாய்க்கு டிக்கெட் போட்டு மனுஷன் ஜெயிச்சாரே!" என்றார்.

படம் நாமும் பார்த்தோம். 2020இல் கொரோனா காலத்தில் கொட்டகைக்கு வராமல் வீட்டிலேயே பார்க்கும்படி வந்த படம். நாயகனைச் சோழவந்தான்காரராகக் காட்டியிருந்ததால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பாசம். ஆனால் விமானம் பறந்து சனங்கள் கைதட்டுவதோடு படம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதானே பேரேடு தொடங்குகிறது! அந்தத் தம்பியின் பெயரில் நம் பேரேட்டில் அன்றைக்கு நின்ற பாக்கி 3 லட்சத்துச் சொச்சம். ஆகவே அந்த விமானக் கம்பெனியின் முழு வரவு செலவையும் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று கடையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறோம்.

படத்துக்கு மூலமானவர் கேப்டன் கோபிநாத். கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர். ராணுவத்தில் இருந்தவர், 1971 யுத்தத்தைப் பார்த்தவர். பிறகு ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்பூச்சி வளர்த்தார், விவசாயம் செய்தார். 1997இல் ஒரு நண்பரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கினார். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் என்கிற பாலைவன ஊருக்குப் போனபோது, அந்த ஒரு நிலையத்தில் ஒரு நாளில் ஏறி இறங்கும் விமானங்கள் நம் தேசம் முழுவதிலும் பறப்பதைவிட அதிகம் என்று தெரிந்து அசந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. ஹைதராபாத்-விஜயவாடா சேவையின் தொடக்க விழா அன்றைக்கே, பெரிய மனிதர்கள் ஏறி உட்கார்ந்திருந்தபோது என்ஜினில் தீப்பிடித்தது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடை திறந்த அன்றே கல்லாப்பெட்டி உடைந்த மாதிரிதான். வேறொருவராயிருந்தால் சகுனம் சரியில்லை என்று இழுத்து மூடியிருப்பார். அவர் மூடவில்லை. நான்கே ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு அந்த விமானங்கள் போய் வந்தன.

2006இல் நாமும் மதுரையிலிருந்து சென்னைக்கு அதில் போனோம். நமக்கு அதுதான் முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. கதவு திறந்ததும் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல வேட்டி கட்டியவரும் கோட்டுப் போட்டவரும் சேர்ந்து ஓடினோம். தண்ணீர்கூட விலைக்குத்தான். வீட்டம்மாள் கட்டிக்கொடுத்த புளியோதரையை மேகத்துக்கு மேலே உட்கார்ந்து பிரித்தோம். பக்கத்தில் இருந்த உத்தியோகஸ்தர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார். கம்பெனியின் சின்னமாக ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'சாமானிய மனிதர்' இருந்தார். வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, வழுக்கைத் தலை. அந்தப் படத்தைப் பார்த்ததும் நம் ஆள் என்று தோன்றியது உண்மை.

ஊர் திரும்பிய பிறகுதான், இவ்வளவு குறைத்து எப்படிக் கட்டும் என்ற கேள்வி மனதைக் குடைந்தது. வியாபாரிக்கு இந்த வியாதி உண்டு, கோவிலுக்குப் போனாலும் சூடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்றுதான் யோசிப்பான். விசாரித்து வாசித்துப் பார்த்ததில் விஷயம் எளிதாகவே இருந்தது. விமானம் பறக்கும்போதுதான் சம்பாதிக்கிறது. தரையில் நின்றால் வாடகை ஓடுகிறது. ஒரு மணி நேரம் நிற்கிற இடத்தில் அரை மணியில் ஆளை இறக்கி ஏற்றிக் கிளம்பினால் ஒரு நாளில் ஓரிரு நடை கூடும். போட்ட முதல் எத்தனை முறை புரள்கிறது என்று நாம் பார்க்கிறோமே, அதே கணக்குத்தான். சாப்பாடு இல்லையென்றால் சமையல் செலவு இல்லை, குப்பை அள்ளும் நேரமும் மிச்சம். சொகுசு வகுப்பை எடுத்துவிட்டால் 150 பேர் உட்கார்கிற ஏர்பஸ்ஸில் 180 பேர் உட்காரலாம். டிக்கெட்டை இன்டர்நெட்டிலும், பெட்ரோல் பங்குகளில்கூட விற்றார்கள். முகவர் கமிஷன் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயணி பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறான். கடன் சிட்டையே இல்லாத வியாபாரம்! நம்மில் யாருக்கு அந்தக் கொடுப்பினை?

சிறிய விமானத்துக்கு வேறு சலுகைகளும் உண்டு. 80 இருக்கைக்குக் குறைந்த விமானம் உள்நாட்டில் இறங்கினால் தரையிறங்கும் கட்டணம் இல்லை. டெக்கான் தொடக்கத்தில் ஓட்டிய ஏ.டி.ஆர். விமானங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. விமானப் பெட்ரோலுக்கு நம் மாநில விற்பனை வரி நீண்ட காலம் 29 சதவீதமாக இருந்தது. சிறிய விமானங்களுக்கு அது 4 சதவீதம் மட்டுமே. வரி இப்படி வித்தியாசப்படும் இடத்தில் தொழில் எந்தப் பக்கம் சாயும் என்று நம் அன்பர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு வருவோம். தம்பி தடுமாறிய இடமே இதுதான். ஒரு விமானத்தில் இருக்கும் எல்லா இடங்களையும் அவர்கள் ஒரு ரூபாய்க்கு விற்கவில்லை. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்கிற ஒரு சிலருக்குத்தான் அந்த விலை, அதற்கும் மேலே வரிகள் தனி. கடைசி நாளில் ஓடி வருகிறவர் முழு விலை கொடுத்தார். இதில் சூட்சுமம் என்னவென்றால், கதவு சாத்தியதும் விற்காத இருக்கையின் மதிப்பு பூஜ்யம். அது சாயங்காலத்துத் தக்காளி. எண்ணெய், விமானி சம்பளம், வாடகை எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன, கூட ஒரு ஆள் ஏறுவதால் ஆகிற செலவு அற்பம். ஆகவே அந்த இடத்துக்கு எது கிடைத்தாலும் லாபமே. சீனி அப்படியா? இன்றைக்கு விற்காத மூட்டை நாளைக்கும் கிட்டங்கியில் சீனியாகத்தான் இருக்கும். விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 43 ரூபாய் கொள்முதல் போயே தீரும். தக்காளிக்குச் செய்கிற வைத்தியத்தைச் சீனிக்குச் செய்யலாமா?

"அப்போ அவர் செஞ்சது சரிதானே?" என்று தம்பி விடவில்லை. பாதி சரி. செலவைக் குறைத்து விலையைக் குறைத்த வரைக்கும் அவர் பெரிய வியாபாரி. சந்தையில் புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். ஸ்பைஸ்ஜெட் 2005 மே மாதம், அந்த ஆண்டுக் கடைசியில் கோஏர், 2006 ஆகஸ்டில் இண்டிகோ. மதுரை ஜவுளி ஆலைக் குடும்பத்தவர் ஒருவர் பாரமவுண்ட் ஏர்வேஸ் என்று நம் பக்கத்திலிருந்தே கம்பெனி கண்டார். அது மலிவு ரகமல்ல, எல்லாமே சொகுசு இருக்கை, 2010இல் நின்றுபோனது. ஆளுக்கு ஆள் விலையை வெட்ட, எண்ணெய் விலையும் ஏற, டெக்கானின் நட்டம் பல நூறு கோடிக்குப் போயிற்று. 2006இல் பங்கு வெளியிட்டபோது கேட்பார் குறைந்து, நாளை நீட்டித்து, விலையையும் இறக்க வேண்டி வந்தது. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் 26 சதவீதப் பங்கைச் சுமார் 550 கோடிக்கு வாங்கியது. 2008இல் டெக்கான் என்ற பெயரே போய் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. சாமானிய மனிதரையும் இறக்கிவிட்டார்கள். சிக்கனமாகப் பிறந்த கம்பெனியை, பகட்டுக்குப் பேர்போன கம்பெனி எடுத்து நடத்தினால் என்ன ஆகும்? கிங்ஃபிஷர் 2005இல் தொடங்கியதிலிருந்து ஒரு வருடம்கூட லாபம் காட்டியதில்லை. 2011இல் மலிவுச் சேவையைக் கைவிட்டார்கள். 2012 அக்டோபரில் எல்லாமே நின்றது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. வங்கிகளுக்குச் சேர வேண்டியது வட்டியோடு 9,000 கோடி என்றார்கள். நமக்கெல்லாம் ஒரு லட்சம் ஓவர்டிராஃப்டுக்கு மேலாளர் எத்தனை நாள் நடக்க விடுகிறார்!

அதே சந்தையில் இண்டிகோ மட்டும் எப்படி நிமிர்ந்தது? ஒரு விமானம்கூடப் பறக்காத காலத்தில், 2005 பாரிஸ் கண்காட்சியில் ஒரே ரகத்தில் 100 ஏர்பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தக் கொள்முதல் என்றால் இது. அவ்வளவு எடுக்கிறவனுக்குக் கழிவு கொடுக்காமல் எந்த ஆலைக்காரன் இருப்பான்? வந்த விமானத்தை வாடகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். முதலும் முடங்கவில்லை. ஒரே ரகம் என்பதால் ஒரே உதிரிப்பாகம், ஒரே பயிற்சி. மொத்தமாக எடுப்பது எல்லோருக்கும் வாய்க்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு வருஷம் கழிவுக்கு ஆசைப்பட்டு ஒரு லோடு பாமாயில் டின் கூடுதலாக எடுத்து, அடுத்த மாதமே விலை சரிந்து, அந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் புதுத்துணி இல்லாமல் போனது. சரக்கு ஓடுகிற வேகம் தெரிந்தவனுக்குத்தான் கழிவு லாபம்.

சீனாவிலும் இப்படி ஒருவர் உண்டு. வாங் செங்ஹுவா என்பவர் ஷாங்காயில் 1981இல் ஒரு பெட்டிக்கடை அளவிலான அறையில் சுற்றுலா டிக்கெட் விற்கத் தொடங்கினார். கால் நூற்றாண்டு ஆட்களைச் சேர்த்த பிறகுதான் 2005 ஜூலையில் ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் என்று விமானம் விட்டார். முதலில் வாடிக்கை, பிறகு சரக்கு. அங்கே மூன்று பெரிய அரசுக் கம்பெனிகள் வானத்தைப் பங்கு போட்டு வைத்திருந்தன. 2006இல் ஜினான் என்ற ஊருக்கு ஒரு யுவான் டிக்கெட் போட்டார், அந்த ஊர் அதிகாரிகள் ஒன்றரை லட்சம் யுவான் அபராதம் போட்டார்கள். விலை குறைத்ததற்கு அபராதம்! பயணிகளை நின்றுகொண்டே வரவைக்கலாமா என்றுகூட யோசனை சொன்னவர் அவர். அது நடக்கவில்லை. முதலாளியே வெளியூர் போனால் மலிவு விடுதியில் தங்குவாராம். 2015இல் அந்தக் கம்பெனி ஷாங்காய் பங்குச் சந்தைக்குப் போயிற்று. நமக்குப் பிடித்தது அந்த 24 வருடக் காத்திருப்பு.

நம் பகுதிக்கு இதனால் என்ன பயன் என்று சில அன்பர்கள் கேட்கலாம். பட்டாசு ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலுக்கும் வடக்கே போகிற சிவகாசிக்காரர்கள், முன்பு இரண்டு இரவு ரயிலில் கிடந்தவர்கள், இப்போது மதுரையில் ஏறி மறுநாளே வசூலோடு திரும்பி வருகிறார்கள். 2025 ஜூலையில் தூத்துக்குடியிலும் புதிய முனையம் திறந்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், தேசத்துக்கே தீப்பெட்டி கொடுத்த ஊர்க்காரன் விமானம் ஏறும்போது சட்டைப்பையிலும் பெட்டியிலும் ஒரு தீப்பெட்டி இருக்கக் கூடாது. நம் சரக்கு என்றைக்கும் லாரிக்குத்தான்.

மலிவிலும் ஒரு மறுபக்கம் உண்டு. பத்துக் கடை இருந்த தெருவில் ஒரே பெரிய கடை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் பார்த்தோம். விமானிகளின் ஓய்வு நேரத்துக்குப் புது விதி வந்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேரைச் சுமக்கும் இண்டிகோவால் அதற்கேற்ப ஆட்களை வைத்திருக்க முடியவில்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்றவர்களின் டிக்கெட் விலை எகிற, அரசு உச்ச விலை நிர்ணயிக்க நேர்ந்தது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் நிலையத்திலேயே படுத்துக் கிடந்தார்கள். சிவகாசிப் பெரிய கடையைப் பார்த்து அந்தத் தம்பி பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று அன்றைக்கு நமக்கும் பட்டது.

நியாயம் இருந்தாலும் கணக்கு இடிக்கிறதே. சிட்டையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினோம். மாதம் 40 மூட்டை சீனி, 2,000 கிலோ. கிலோவுக்கு 3 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் நட்டம். சீனிக்கு வருகிறவர்கள் வேறு சாமானும் வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம். மற்ற சரக்கில் நூற்றுக்கு 8 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், அந்த 6,000த்தை எடுக்க மாதம் 75,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். "எவ்வளவு கூடியிருக்கு?" என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்து, "இருபதாயிரம் இருக்கும் அண்ணாச்சி" என்றார். பாமாயில் நட்டத்தை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த நட்டம் அவர் முதலிலிருந்து போகவில்லை, நம் 3 லட்சத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதையும் சொன்னோம். முகம் வாடிவிட்டது.

சீனி விலையை மறுநாளே ஏற்றிவிட்டார். பதிலுக்கு அவரிடம் இருப்பதைக் கொண்டு ஒரு காரியம் செய்தார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் சாமான் வாங்க வசதியாக ஐந்து மணிக்கே கடையைத் திறக்கிறார். பெரிய கடை திறப்பது ஒன்பதரைக்கு. அசையாத சரக்கு ரகங்களைக் குறைத்து, ஓடுகிறதை மட்டும் வாரம் இரு முறையாக எடுக்கிறார். நாமும் பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, புதுச் சரக்குக்கு ரொக்கம் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். சித்திரை முதல் தேதி வந்து 40,000 கட்டிவிட்டுப் போனார். மீதிக்குத் தீபாவளி வரை தவணை கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறோம்.