கூடுகளுக்கு நீராவிக் கருவி வாங்குமுன்

ஆய்வுகூட எலிக் கூடுகளை நீராவியால் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ் இறக்கித் தரும்படி கேட்டால், நம் வியாபாரிகள் லீட்டர் கணக்கையும் விலையையுமே பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, கூடு எந்தப் பிளாஸ்டிக்? பொலிஸ்டைரீன் 121 பாகை செல்சியஸிலேயே நெளிந்துவிடும். பொலிகாபனேட் தாங்கும், நாளடைவில் வெடிப்பு விழும். பொலிசல்போன் 134 பாகைக்கும் நிற்கும், விலைதான் அதிகம்.

அடுத்தது காற்று. அடுக்கிய கூடுகளுக்குள்ளும் மரத்தூள் பைகளுக்குள்ளும் காற்று தங்கினால் நீராவி நுழையாது. மானி 121 காட்டும். உள்ளே கிருமி உயிரோடிருக்கும். ஆகவே காற்றை முதலில் உறிஞ்சும் வெற்றிடப் பம்பி உள்ளதையே சிபாரிசு செய்வேன். அது இல்லாத மலிவுக் கருவி, பொதியாத கத்தரிக்கோல், இடுக்கிகளுக்குப் போதும். 15 நிமிடக் கணக்கும் சாமான் சூடேறிய பிறகே தொடங்கும்.

கதவு இறப்பர் தேயும் பொருள். அதை இங்கே மாற்றித்தர ஆள் உண்டா என்பதை முற்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.