கரண்ட் ஷாக் அல்ல, ஷாக்வேவ்: தீராத குதிகால் வலிக்கு இந்த சிகிச்சை கைகொடுக்குமா?

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் 'சுரீர்'னு ஒரு வலி. நாலு அடி நடந்தால் குறையும், மறுநாள் திரும்பவும் அதே கதை. மாத்திரை, ஐஸ் ஒத்தடம், புதுச் செருப்பு என எதற்கும் மாசக்கணக்கில் மசியாத இந்த வலிக்கு பிசியோதெரபி மையங்கள் பல பரிந்துரைப்பது 'ஷாக்வேவ் தெரபி'.

கரண்ட் வைப்பார்களா?

இல்லை. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. போவது அழுத்த அலைகள்தான். வலிக்கும் இடத்தில் ஜெல் தடவி, கைக்கருவியை வைத்து, ஒரு தடவைக்கு சுமார் 2,000 துடிப்புகள் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பொதுவாக வாரம் ஒன்று என 3 முதல் 5 முறை.

எங்கிருந்து வந்தது?

சிறுநீரகக் கல் சிகிச்சையிலிருந்து. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், கத்தி வைக்காமல் முதல் நோயாளியின் கல்லை அதிர்வலையால் உடைத்தார்கள். நாள்பட்ட குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்டிஏ 2000-ல் அனுமதி தந்தது.

எப்படி வேலை செய்கிறது?

கல்லை உடைப்பதுபோல இங்கே எதையும் உடைப்பது நோக்கமல்ல. ஆறாமல் கிடக்கும் தசைநாரைத் தூண்டிவிட்டு, ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உடம்பின் 'ரிப்பேர்' வேலையை மறுபடி தொடங்கவைக்கிறது என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம். அதனால் பலன் உடனே தெரியாது. சில வாரங்கள் ஆகும்.

எல்லா வலிக்கும் சரியா?

இங்கேதான் கவனம் தேவை. குதிகால், குதிகால் நரம்பு எனப்படும் அக்கிலீஸ் தசைநார், டென்னிஸ் எல்போ போன்ற நாள்பட்ட பிரச்சினைகளுக்கு இது பயன்படுகிறது. ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. தோள்பட்டைத் தசைநார் வலியில் குறிப்பிடத்தக்க பலன் பெரிதாக இல்லை என்று 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமை பிரச்சினை உள்ளவர்கள், சிகிச்சை தரும் இடத்தில் புற்றுக்கட்டியோ நோய்த்தொற்றோ உள்ளவர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் லேசான வலி, சிவப்பு, வீக்கம் வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும்.

பணம் கட்டும் முன்...

'5 சிட்டிங் பேக்கேஜ்' என்றதும் தலையாட்டிவிட வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் வலிக்குக் காரணம் உறுதியாகிவிட்டதா? கெண்டைக்கால், பாதத்தை நீட்டும் பயிற்சிகளை சில மாதமாவது ஒழுங்காகச் செய்துவிட்டேனா? சிகிச்சையோடு பயிற்சியும் சொல்லித் தருவீர்களா?

குதிகால் வலி பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி, ஓய்வு, சரியான காலணி ஆகியவற்றாலேயே ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். அதற்கும் அடங்காதவர்களுக்கு அடுத்த படிதான் ஷாக்வேவ். தினமும் பத்து நிமிடம் செய்ய வேண்டிய பயிற்சிக்கு அது மாற்று இல்லை.