ஆடிப் பட்டம் தேடிப் பாடம்!

அன்னூரில் உயிரியல் ஆசிரியரின் ஓராண்டுக் கணக்கு

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். அன்னூர்ப் பக்கத்து உழவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்த விதை என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது.

அதே ஊரில் இன்னொருவரும் பட்டம் பார்த்தாக வேண்டும். அவர் கையில் ஏர் இல்லை, சாக்பீஸ் இருக்கிறது. அவர்தான் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தும் ஆசிரியர்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. புதுப் புத்தகத்தின் வாசனை போவதற்குள் அவர் ஒரு கணக்குப் போட வேண்டும். எத்தனை பாடம்? எத்தனை நாள்? எந்தப் பாடம் எந்த மாதம்? இந்தக் கணக்கு தப்பினால் நஷ்டம் ஆசிரியருக்கு அல்ல, பிள்ளைகளுக்கு.

11 பாடம், 6 மாதம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் 2019-ம் ஆண்டு புதிதாக எழுதப்பட்டது. அதில் 12-வது பாடம் முதல் 22-வது பாடம் வரை உயிரியல். ஆக, 11 பாடங்கள்.

ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம் இருக்கிறதே, மாதம் ஒரு பாடம் நடத்தினால் போதாதா?

போதாது! செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அதையொட்டி விடுமுறை. பிறகு தீபாவளி. மழை வந்தால் அதற்கு ஒரு விடுமுறை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல். அப்புறம் செய்முறைத் தேர்வு. அறிவியலுக்கு உள்ள 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு. 75 எழுத்துத் தேர்வுக்கு. கடைசி மாதங்கள் திரும்பப் படிப்பதற்கே சரியாகிவிடும். கழித்துப் பார்த்தால், புதுப் பாடம் நடத்தக் கையில் நிற்பது ஆறு மாதத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

சரி, பாடங்களை நம் ஊர்ப் பருவத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னுமாக மாற்றி நடத்தலாமா? அதுவும் கஷ்டம். காலாண்டுக்கு இன்னின்ன பாடம் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். வினாத்தாள் அன்னூருக்கு ஒன்று, அவிநாசிக்கு ஒன்று என்று வராது.

வழி ஒன்று இருக்கிறது. பாடம் புத்தகத்தின் வரிசையில் நடக்கட்டும். செடியும் விதையும் பூவும் சேகரிப்பது பருவத்தின் வரிசையில் நடக்கட்டும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பாடம், வலப்பக்கம் பருவம் என்று எழுதினால் போதும். எந்தப் பாடத்துக்கு எந்தச் செடி தேவை, அதை எத்தனை மாதம் முன்னால் விதைக்க வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும்.

ஜூனில் விதைக்க வேண்டியவை

காசித்தும்பை, அந்தி மந்தாரை, பூசணி. இந்த மூன்றையும் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே தொட்டியிலோ வேலி ஓரத்திலோ ஊன்றிவிட வேண்டும். செலவு சொற்பம்.

முதல் பாடம் தாவரத்தின் உள்ளமைப்பு. இதற்குச் சோளத்தட்டும் சூரியகாந்தித் தண்டும் வேண்டும். சோளத்தட்டைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவைதான் நீரும் உணவும் போகிற குழாய்க் கட்டுகள். சோளத்தில் அவை சிதறிக் கிடக்கும். சூரியகாந்தியில் வட்டமாக வரிசை கட்டி நிற்கும். மாட்டுக்குத் தட்டு நறுக்கும் பிள்ளை தினம் பார்த்த பொருள்தான். பார்த்தும் பார்க்காதது! (பிளேடு ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும்.)

அடுத்தது அட்டையும் முயலும். அட்டைக்கு உடலில் 33 கண்டங்கள். முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சிகள். ரத்தம் உறையாமல் இருக்க ஹிருடின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால்தான் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வடிகிறது.

புத்தகத்தில் வருவது குளம் குட்டைகளில் வாழும் அட்டை. வறண்ட பூமியான அன்னூரில் குளமே காய்ந்து கிடந்தால் அட்டைக்கு எங்கே போவது? நீண்ட காலம் பேசப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்று நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். அன்னூர் வட்டாரக் குளங்களும் அவற்றில் சேர்ந்தவை. நீர் வந்த குளத்தில் ஒரு வருஷத்தில் என்னென்ன வந்து சேர்கிறது? பாசி, நத்தை, தவளை, கொக்கு என்று மாதம் ஒரு முறை கரையில் நின்று பார்த்து எழுதி வைத்தால், கடைசிப் பாடமான சுற்றுச்சூழலுக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. பிள்ளைகளைத் தண்ணீரில் மட்டும் இறக்கக் கூடாது. கரையே போதும்.

காற்றும் மையும்

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசி அடிக்கிறது. இதுதான் நீராவிப்போக்கு பாடத்துக்கு ஏற்ற பட்டம். காற்று அடித்தால் ஈரத்துணி சீக்கிரம் உலருகிறது அல்லவா? இலையும் அப்படித்தான் நீரை இழக்கிறது. பூவரசங் கொப்பு ஒன்றில் பாலிதீன் பையைக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே முத்து முத்தாக நீர்.

ஜூனில் ஊன்றிய காசித்தும்பை இப்போது கைகொடுக்கும். அதன் தண்டு கண்ணாடி போன்றது. ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் வைத்தால் மை மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஒரு வாரம் விளக்குவதை இந்தச் செடி ஒரே பாடவேளையில் விளக்கிவிடும்.

நரம்பு மண்டலப் பாடத்துக்குப் பருவம் இல்லை. படம் வரைந்து பழகுவதுதான் அதில் வேலை.

ஹார்மோன் பாடம் அப்படியல்ல. அதை வீட்டுக்கே கொண்டு போகலாம். வாழை விளையும் ஊர் இது. ஒரு பெண் தன் தாத்தாவிடம் இப்படிக் கேட்கட்டும்.

"அப்பாரு, வாழைத்தாருக்கு ஏனுங்க மூட்டம் போடறீங்க?"

"அப்பத்தானே கண்ணு பழுக்கும்!"

"புகையிலே எத்திலீன்னு ஒரு வாயு இருக்குதுங்க. அதுதான் பழுக்க வைக்குது. காய்க்குள்ளேயும் அது தானா ஊறுமாமுங்க."

தாத்தாவுக்கு வேலை தெரியும். பேத்திக்குக் காரணம் தெரியும். இரண்டும் ஒரே திண்ணையில் சந்திக்கும். அதே பாடத்தில்தான் இன்சுலினும் வருகிறது. 1921-ல் கனடா நாட்டில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்த கதையைச் சொன்னால், தினம் ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டியைப் பிள்ளைகள் புதிய கண்ணோடு பார்ப்பார்கள்.

ஒதுக்கப்படும் பாடம்

காலாண்டுத் தேர்வு சமயத்தில் இனப்பெருக்கப் பாடம் வருகிறது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஒரு பெண் பூவை மாலையிலேயே துணியால் மூடிக் கட்டிவிட்டால் தேனீ வர முடியாது. பிஞ்சு வெம்பி விழும். இன்னொரு பெண் பூவில் காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவினால் காய் பிடிக்கும். ஆண் பனை, பெண் பனை என்பதும் கொங்குப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

பூவைப் பற்றிச் சொல்லும்வரை வகுப்பு கலகலப்பாக இருக்கும். மனித உடலைப் பற்றிய பக்கம் வந்ததும் அமைதி. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சில இடங்களில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். வீட்டில் யார் சொல்வார்கள்? மாதவிடாய் என்றால் என்ன, ஏன் வருகிறது, என்ன சுத்தம் வேண்டும் என்பது 15 வயதுப் பெண்ணுக்குக் கேள்வித்தாளைவிட அவசரமான விஷயம். பையன்களுக்கும் அது தெரிய வேண்டும். ஆகவே இந்தப் பாடத்துக்குத் திட்டத்திலேயே கூடுதலாக இரண்டு, மூன்று பாடவேளை ஒதுக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால், ஒருபோதும் மிஞ்சாது!

பள்ளி மணி அடிக்கும்போது மலரும் பூ

அக்டோபரில் மரபியல். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிரிகர் மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்தார். 1866-ல் எழுதி வெளியிட்டார். உலகம் அதைக் கவனித்தது 1900-ல்தான். அதற்குள் அவர் இறந்தே போனார்.

பட்டாணிக்குக் குளிர்ச்சி வேண்டும். நீலகிரியில் நன்றாக வரும். அன்னூர் வெயிலில் சிரமம். அதற்குப் பதில்தான் அந்தி மந்தாரை. நாலு மணி சுமாருக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மலர்கிற பூ இது! ஜூனில் ஊன்றிய சிவப்பும் வெள்ளையும் ஆகஸ்டில் பூக்கும். மொட்டு விரிவதற்கு முன்பே வெள்ளைப் பூவின் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு, சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் மிளகு போலக் கறுத்த விதை கிடைக்கும். அக்டோபரில் அதை ஊன்றலாம்.

இப்போது வகுப்பில் ஒரு பந்தயம். வரப்போகும் பூ என்ன நிறம்? சிவப்பு என்பார் சிலர். வெள்ளை என்பார் சிலர். ஆளுக்கொரு சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். விடை வருவது ஜனவரியில்.

கலப்பில்லாத சிவப்பும் கலப்பில்லாத வெள்ளையும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு வர வேண்டும். பட்டாணியைப் போல ஒரு குணம் இன்னொன்றை முழுதாக மறைப்பதில்லை. ஆனால் ஊர்த் தோட்டத்துச் செடி கலப்பில்லாதது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? வேறு நிறம் வந்தாலும் வரும். ஏன் வந்தது என்று கேட்டால், அதுவே இன்னொரு பாடம்.

கரும்பு பூக்கும் ஊர்

பரிணாமப் பாடத்துக்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் இருக்கின்றன. தூரம் அதிகம், படமே போதும். அடுத்த பாடமான இனக்கலப்புக்குத் தூரம் போக வேண்டியதில்லை. 30 கிலோ மீட்டரில் கோவை.

கரும்பு எல்லா ஊரிலும் நன்றாகப் பூப்பதில்லை. கோவையில் தாராளமாகப் பூக்கிறது. பூ இருந்தால்தானே இனம் கலக்கலாம்? அதனால்தான் 1912-ல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் இங்கே அமைந்தது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த தடிக் கரும்பைக் காட்டு நாணல் வகையோடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த 'கோ 205' என்ற கரும்பு 1918-ல் வட இந்திய வயல்களுக்குப் போயிற்று. 'கோ' என்றால் வேறென்ன, கோயமுத்தூர்தான்!

அதே நிலையத்தில் 1934 முதல் 1939 வரை கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள் என்ற பெண்மணி. தலைச்சேரியில் பிறந்தவர். புத்தகத்தில் பசுமைப் புரட்சிக்காகப் பேசப்படும் எம். எஸ். சுவாமிநாதனும் கோவை விவசாயக் கல்லூரியில் படித்தவரே.

கோவையில் கரும்பு பூப்பது நவம்பர் வாக்கில். ஒழுங்காக நடத்தி வந்தால், புத்தகத்தில் இந்தப் பாடம் வருவதும் நவம்பரில்! வரிசையும் பருவமும் தாமாகவே ஒத்துப்போகும் இடம் இது. ஒரு நாள் பயணத்துக்கு அனுமதி கேட்கும் கடிதத்தை ஆகஸ்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

கடைசியில் வந்தாலும்

கணக்கில் எங்காவது இரண்டு வாரம் தவறினால் அடி வாங்குவது 21-வது பாடம். உடல் நலமும் நோய்களும். மது, புகையிலை, சர்க்கரை நோய், மாரடைப்பு, புற்றுநோய், எய்ட்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு குடும்பத்தைச் சாய்க்கக்கூடிய அத்தனையும் ஒரே பாடத்தில்! அதை அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய நாள் அவசரமாக வாசித்து முடிப்பது அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மில் தொழிலாளியின் மகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் "உயிரியல் நமக்கு வராது" என்ற எண்ணம் பத்தாம் வகுப்பிலேயே விழுந்துவிட்டால், அவள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தி மந்தாரை பூத்திருக்கும். நாலு மணிக்கு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள். அக்டோபரில் ஒட்டிய உறையைப் பிரித்துச் சீட்டுகளை எண்ண வேண்டியதுதான். பிறகு விதை முற்றியதும் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, மேலே நிறத்தையும் தேதியையும் எழுதி அறிவியல் அறை பீரோவில் வைத்தால், அடுத்த ஜூனில் வேறு பிள்ளைகள் ஊன்றுவார்கள்.