தொழிற்சோர்வு: அறிதலும் தடுத்தலும்

எண்ணெய் உள்ளவரை விளக்கின் திரி ஒளி தரும். எண்ணெய் வற்றியபின் திரியே தீய்ந்து கரியாகும். மக்கட்பணிக்குத் தம்மை ஒப்படைத்தோர் உள்ளத்தும் இத்தகையதொரு நிலை நேர்வதுண்டு. ஆங்கிலத்தில் 'பேர்ண் அவுட்' என வழங்கும் அதனைத் தமிழில் தொழிற்சோர்வு எனலாம். அது சோம்பலின் வேறானது என்பதும், அதனைத் தடுக்கும் கடமை சோர்ந்தவர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

இச்சொல்லை உளவியலாரின் ஆய்வுக்குரிய பொருளாக்கியவருள் முதன்மையானவர் ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர். 1926ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிறந்த அவர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இளமையிலேயே அமெரிக்கா சென்றவர். 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரிலே பகலெல்லாம் தம் தொழிலை நடத்தியபின், இலவச மருத்துவம் அளித்த நிலையமொன்றில் இரவு நெடுநேரம் பணிபுரிந்தார். அங்கு உடன் உழைத்த தொண்டர்களிடத்து நாளடைவில் ஒரு மாற்றத்தைக் கண்டார். ஆர்வத்தோடு வந்தவர்கள் எளிதிற் சினந்தனர்; பிறரை ஐயுற்றனர்; தலைவலி, உறக்கமின்மை, நீங்காத தடிமன் ஆகியவற்றால் வருந்தினர். நிலையத்திற் கழித்த நேரம் கூடியது. செய்து முடித்த வேலையோ குறைந்தது. அவரும் அந்நிலைக்கு ஆளானார். கண்டவற்றையும் பட்டவற்றையும் கொண்டு 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொண்டில் மிக்க ஈடுபாடுடையோரே இதற்கு எளிதில் இலக்காவர் என்பது அதன்கண் அவர் வற்புறுத்திய உண்மை. எரியாத திரி கருகுவதில்லை அன்றோ?

கலிபோர்ணியாவைச் சேர்ந்த கிறிஸ்தினா மஸ்லாக் என்னும் உளவியலறிஞர், சூசன் ஜாக்சன் என்பாரோடு இணைந்து, இச்சோர்வை அளத்தற்குரிய வினாத்தொகுதியொன்றை 1981இல் வெளியிட்டார். அதன்படி இதன் கூறுகள் மூன்று. முதலாவது உள்ளம் வறளுதல். உறங்கி எழுந்தாலும் களைப்பு நீங்காமை இதன் அடையாளம். இரண்டாவது, தாம் பேணவேண்டியவரை மனிதராகக் காணும் பரிவு குன்றுதல். நோயாளரைப் பெயராற் சுட்டாது கட்டிலின் எண்ணாற் சுட்டும் வைத்தியரிடத்தும் இதன் சாயல் தோன்றலாம். மூன்றாவது, தம் உழைப்பாற் பயனொன்றும் விளையவில்லை என்னும் எண்ணம். மாணவன் தவறியபோது வருத்தமும் தேறியபோது மகிழ்ச்சியும் தோன்றாத ஆசிரியர், தம்மைத் தாமே வினாவிக்கொள்ளவேண்டிய வேளை அதுவே.

சாதாரணக் களைப்பு ஓய்வினாற் தீரும். தொழிற்சோர்வோ விடுமுறையில் ஓரளவு தணிந்து, பணிக்குத் திரும்பிய சில நாட்களிலேயே மீண்டும் தலைதூக்கும். மனச்சோர்வு நோய் தொழிலுக்கு அப்பாலும் வாழ்வு முழுவதிலும் இருளைப் பரப்பவல்லது. இரண்டும் ஒருங்கே நிகழ்தலும் கூடுமாதலின், எதிலும் விருப்பின்மையும் நம்பிக்கையின்மையும் தொடர்ந்து நிற்குமாயின் வைத்தியரை நாடுதல் இன்றியமையாதது.

உலக சுகாதார தாபனம் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தனது பதினோராவது நோய்ப் பாகுபாட்டில் தொழிற்சோர்வுக்கு இடமளித்துள்ளது. ஆயினும் அதனை ஒரு நோயெனக் கூறாது, செவ்வனே கையாளப்படாத நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவு எனக் கூறுகின்றது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. காரணம் பணியிடத்தில் இருக்க, மருந்தைத் தனியொருவரிடம் மட்டும் தேடுதல் பொருந்தாது.

1997இல் மஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணியிடத்தில் நோக்கவேண்டியவை ஆறு என வகுத்தனர்: வேலைப்பளு, தம் பணியைத் தாமே நெறிப்படுத்தும் உரிமை, உழைப்புக்கு ஏற்ற மதிப்பு, உடன்பணிபுரிவோரிடை நல்லுறவு, நடுவுநிலைமை, தொழிலின் இலட்சியத்தோடு உள்ளம் ஒத்திருத்தல் என்பன. எனவே வேலை மிகுதி ஒன்றே காரணமன்று. குறைந்த வேலையும் மதிப்பின்றிச் செய்யப்படின் மனிதரை வறளச் செய்யும்.

நிறுவனங்கள் மாறுதல் இயலாததன்று. அமெரிக்காவிற் பயிற்சி வைத்தியர்கள் கிழமைக்கு நூறு மணித்தியாலத்துக்கு மேல் உழைப்பது ஒருகாலத்திற் பெருமையாகவே கருதப்பட்டது. 1984இல் நியூயோர்க்கில் இளம்பெண்ணொருத்தி வைத்தியசாலையில் இறந்ததை அடுத்து எழுந்த விசாரணைகள் அவ்வழக்கத்தை வினாவுக்குள்ளாக்கின. 1989இல் அம்மாநிலம் அவர்தம் வேலையைக் கிழமைக்கு 80 மணித்தியாலமாக வரையறுத்தது. 2003இல் அவ்வரையறை நாடு முழுவதற்கும் பரவியது. எண்பதும் சிறிய தொகையன்று. எனினும் களைத்தவர் கையில் நோயாளியின் உயிரை ஒப்படைத்தல் தகாதென்னும் எண்ணம் விதியாக உருப்பெற்றது.

தனிமனிதர் செய்யத்தக்கனவும் உள. பணியை நிறுத்தும் நேரத்தை வரையறுத்தல், உறக்கத்தைக் குறைக்காமை, தொழிலுக்குப் புறம்பான ஈடுபாடொன்றைப் பேணுதல், நெருங்கியவரிடம் மனந்திறந்து பேசுதல், இயலாததை இயலாதெனக் கூறுதல் என்பன அவை. திருக்குறளில் ஊக்கமுடைமையை வற்புறுத்திய வள்ளுவர் வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தன் ஆற்றலின் எல்லையை அறிதல் கோழைமையன்று. வினைத்திறத்தின் ஒரு பகுதியே.

ஆர்வமுள்ளவர் மேலேயே மேலும் மேலும் சுமையை ஏற்றுதல் எந்நிறுவனத்துக்கும் எளிது, அவர் மறுப்பதில்லை. அவர் கருகியபின் சோம்பேறி எனப் பழித்தலும் எளிது. திரியைக் குறைகூறுமுன் அகலில் எண்ணெய் உண்டோ எனப் பார்த்தல், விளக்கின் ஒளியிலே அமர்ந்திருப்போர் யாவர்க்கும் கடனாகும்.